கிரியாட்டினின் நார்மல், ஆனால் சிறுநீரில் ஆல்புமின்: கிட்னி கெடுமா என்று முன்கூட்டியே தெரியுமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை, கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும், கிட்னி வெளியேற்றும் கழிவு) ரத்தத்தில் நார்மல், சிறுநீரில் ஆல்புமின் (ரத்தப் புரதம்)-கிரியாட்டினின் விகிதம் 12.

பதற வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் கூடாது. கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும். தசை குறைந்த பெரியவர்களுக்கு, வடிகட்டும் திறன் நன்றாகக் குறைந்த பிறகும் அது நார்மலாகவே காட்டலாம். அந்தச் சந்தேகம் இருந்தால், தசையை அதிகம் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை உதவும். சர்க்கரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கசிவது ஆல்புமின். ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். மில்லிமோலுக்கு மில்லிகிராம் என்றால் 3க்குக் கீழ் சரி, 30ஐத் தாண்டினால் கடுமை. 12 நடுவில் இருக்கிறது. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் ஏறும், அதனால் காலை முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட நோய்.

சரி, முன்கணிப்பு? வயது, பாலினம், இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் திறனின் மதிப்பீடு), இந்த விகிதம் நான்கையும் வைத்து, கிட்னி செயலிழக்கும் வாய்ப்பை 2, 5 ஆண்டுகளுக்குக் கணக்கிடும் சூத்திரம் 2011இல் வந்தது. இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே போனவர்களுக்குத்தான் அது பொருந்தும். 5 ஆண்டு வாய்ப்பு 3 முதல் 5 சதவீதம் வந்தாலே கிட்னி நிபுணரைப் பார்ப்பது நல்லது.

அப்புறம், அப்பா மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் போடுகிறார் என்றால் டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்; அந்த வலி மாத்திரை கிட்னியைப் பாதிக்கலாம்.