ஒத்தி வீடா, வாடகை வீடா? உதகைக்கு மாறுதலாகி வந்த வாசகியின் கேள்வி

கேள்வி: நான் மத்திய அரசு ஊழியர். தூத்துக்குடியிலிருந்து உதகமண்டலத்துக்கு மாறுதலாகி வந்திருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அகவிலைப்படி சேர்த்தால் ஏறத்தாழ 71,000. வீட்டு வாடகைப்படி 4,490. அரசுக் குடியிருப்பில் இடம் இல்லை. லவ்டேல் பக்கம் ஒரு வீடு, மாத வாடகை 12,000, அட்வான்ஸ் ஒரு லட்சம்; உரிமையாளர் பான் எண் தர மறுக்கிறார். கேத்தியில் இன்னொரு வீடு, மூன்று ஆண்டுக்கு 6 லட்சம் ஒத்தி; அதாவது மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெறுவது. வங்கி வைப்பில் 2.5 லட்சம் உள்ளது. மீதிக்கு நகைக் கடன் வாங்கினால் வட்டியை வாடகைப்படியே கட்டிவிடும் என்கிறார் என் கணவர். எதை எடுப்பது?

பதில்: பான் எண்ணைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். வாடகைப்படிக்கு வரிவிலக்கு என்பது பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. நீங்கள் பெறும் படி, கட்டும் வாடகையில் சம்பளத்தின் (அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து) 10 சதவீதம் போக மீதி, உதகை போன்ற ஊர்களுக்குச் சம்பளத்தில் 40 சதவீதம் ஆகிய மூன்றில் எது குறைவோ, அதுவே விலக்குத் தொகை. உங்கள் கணக்கில் இவை முறையே 4,490, 4,900, 28,400 என்பதால், படி முழுவதற்கும் விலக்குக் கிடைக்கும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அதற்கு உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். ஆனால் 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில், 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) போக, 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. படிகளெல்லாம் சேர்த்தும் உங்கள் ஆண்டுச் சம்பளம் 10 லட்சத்துக்குள்தான் வருகிறது. வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் நீங்கள் கட்டவேண்டிய வரியே இல்லை. இல்லாத வரியை மிச்சப்படுத்த ஒரு நல்ல வீட்டை விட்டுவிட வேண்டாம். வாடகையை மாதந்தோறும் வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள், அதுவே உங்களுக்குச் சான்று.

அடுத்தது ஒத்தி. உங்கள் கணவர் போட்ட கணக்கு சரிதான், அதை மறைக்க மாட்டேன். 3.5 லட்சம் நகைக் கடனுக்கு 9.5 சதவீதம் என்று வைத்தால் ஆண்டு வட்டி 33,250; வைப்புநிதியை எடுப்பதால் 6.5 சதவீதத்தில் இழப்பது 16,250. மொத்தம் 49,500, அதாவது மாதம் 4,125 ரூபாய். வாடகை வீட்டோடு ஒப்பிட்டால் மூன்று ஆண்டில் 2,83,500 ரூபாய் மிச்சமாகும். அதற்காக 6 லட்சத்தை ஒருவர் கையில் ஒப்படைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள்.

ஒத்திப் பணம் பெரும்பாலும் உரிமையாளரின் பழைய கடனுக்கோ மகள் கல்யாணத்துக்கோ போய்விடும்; அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்களுக்குப் பணம் திரும்பும். உங்கள் மாறுதல் உத்தரவு அவ்வளவு நாள் காத்திருக்காது. முத்திரைத்தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தம் அந்த வீட்டின் மீது உங்களுக்கு எந்தப் பிடியும் தராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒத்திப் பத்திரமாகப் பதிவு செய்தால்தான் தரும். பதிவுக்கு அவர் சம்மதித்தாலும் வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே மேற்கொண்டு பேசுங்கள். "பத்திரம் பேங்கில் இருக்கிறது" என்று அவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், ஏனென்றால் அவர் தவணை கட்டத் தவறும் நாளில் வங்கிதான் முதலில் நிற்கும்.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் நான் தயங்குவேன். நகைக் கடனைப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை திருப்பி வைக்க வேண்டியிருக்கும். வைப்புநிதி, நகை இரண்டும் ஒரே நேரத்தில் முடங்கிவிட்டால், ஊரில் பெற்றோருக்கு ஓர் ஆபத்து என்று நள்ளிரவில் தொலைபேசி வரும்போது கையில் எதுவும் இராது.

ஆகவே லவ்டேல் வீட்டையே பேசி முடியுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்தின் அளவாகச் சொல்கிறது. உங்களுக்கு அது 36,000. மலையில் ஒரு லட்சம் கேட்பது வழக்கமாகிவிட்டது என்றாலும், கையெழுத்திடும் முன்பே குறைத்துப் பேசுங்கள். பேசும்போது வாடகைப்படி எவ்வளவு என்று சொல்லாதீர்கள். "கவர்மென்ட் வேலைதானே, படி வருமே" என்று அதையும் வாடகையில் ஏற்றுவார்கள். ஏப்ரல், மே சீசனில் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாகவே எழுதி வாங்குங்கள்.

மின்சார மீட்டர் உங்கள் வீட்டுக்குத் தனியா என்றும் பாருங்கள். ஹீட்டரும் கீசரும் ஓடும் ஊரில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே மீட்டர் என்றால், அலகுகள் ஒன்றாகக் கூடி உயர்ந்த கட்டண அடுக்குக்குப் போய்விடும். குன்னூரில் நான் மார்ச் மாத வெயிலில் பார்த்து முடித்த வீட்டில், ஜூலையில் பீரோவை நகர்த்தியபோது பின்சுவர் முழுக்கக் கரும்பூசணம் படர்ந்திருந்தது. பட்டுப்புடவைகளின் மடிப்பிலெல்லாம் அதே வாடை. ஆறு மாதத்தில் வேறு வீடு தேடினேன், அட்வான்ஸில் வெள்ளையடிக்க என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். லவ்டேல் வீட்டில் மேட்டுப் பக்கம் மண்ணை ஒட்டியிருக்கும் சுவரின் அடிப்பகுதியை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் வாடகையைக் குறைக்கக் கேட்காதீர்கள், வேறு வீடு பாருங்கள்.