அறையிலேயே துப்பாக்கி பழகலாமா? டெக்சாஸ் வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, பாளையங்கோட்டையில என்.சி.சி.யில பாயின்ட் டூ டூ ரைபிள் சுட்டவன், இப்போ யுனிவர்சிட்டி கிளப்புல காத்தழுத்தத்துல சுடுற ஏர் பிஸ்டல் பழகுறேன், சுடப் பழகுற ரேஞ்ச் ரொம்பத் தள்ளி இருக்கு, கார் இல்லை, அறையிலேயே பழக வழி உண்டா அண்ணாச்சின்னு கேட்டிருக்கே. உண்டு. நல்லாவே உண்டு.

அதுக்கு முன்னாடி சட்டம். எஃப்-1ங்கிற மாணவர் விசாவுல இருக்கிறவங்க தோட்டாத் துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்க இங்கே மத்திய அரசுச் சட்டம் பொதுவா விடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. ரேஞ்சில வாடகைக்கு எடுத்துச் சுடுறதுக்கும் இந்தத் தடை உண்டு. கூடப் படிக்கிறவன் ஆசையா நீட்டினாலும் வாங்காதே, விசாவுக்கே ஆபத்து. ஏர் பிஸ்டல் அந்தச் சட்டத்துல வராது. ஆனா ஹாஸ்டல்கள்ல பெரும்பாலும் அதுக்கும் தடைதான். அதனால கிளப் பிஸ்டல் கிளப்பிலேயே இருக்கட்டும். துப்பாக்கி மாதிரி இருக்கிற பொம்மையைக்கூட ஜன்னலோரம் நின்னு நீட்டாதே. ஊர்ல பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னடேன்னு கேப்பாரு. இங்கே நேரா போலீஸுக்கு, 911-க்குப் போன் போகும்.

இனி பயிற்சி. போட்டியில 75 நிமிஷத்துல 60 குண்டு. அறுபது தடவையும் ஒத்தைக் கையை அதே உயரத்துக்குத் தூக்கணும். ஏர் பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிச்சு, வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தூக்கு, சில நொடி நிறுத்து, இறக்கு. தோள் நடுங்க ஆரம்பிச்சா அன்னைக்குப் போதும்.

நிக்கிற நிலைதான் எல்லாத்துக்கும் மூலம். சுவர்ல சின்னக் கறுப்பு வட்டம் ஒட்டு. கண்ணை மூடிக் கையைத் தூக்கி, அப்புறம் கண்ணைத் திற. வட்டத்துக்கு வலப்பக்கம் போயிருந்தா கையை இழுத்துச் சரிபண்ணாதே, பாதத்தை மாத்து. குறுக்குத்துறையில ஆத்து ஒழுக்குல நிக்கையில பாதம் தானா இடம் தேடி ஊனும்லா, அப்படி நிக்கணும். இதை மட்டும் ஒரு மாசம் செஞ்சாலே குண்டு சிதறுறது குறையும்னு நான் நம்புறேன்.

விரலுக்கும் வேலை உண்டு. ட்ரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாதுன்னு விதி. மத்த விரல் அசையாம ஆள்காட்டி விரல் மட்டும் நேரா பின்னால வரணும். பேனாவைப் பிடிச்சே இதைப் பழகலாம்.

பின்னால தனி வீடெடுத்து, சொந்த ஏர் பிஸ்டல் வாங்கினா, குண்டில்லாம ட்ரிக்கர் இழுத்துப் பழகலாம். குண்டு டப்பா வேற அறையில இருக்கணும், காலியான்னு ரெண்டு தடவை பார்க்கணும், சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கக்கூடாது. க்ளிக் சத்தத்துல பிஸ்டல் நுனியில இருக்கிற முன்குறி அசையாம நிக்குதா, அதுதான் கணக்கு. போட்டி பிஸ்டல்ல இதுக்குத் தனி அமைப்பே இருக்கும். ஸ்ப்ரிங் ஏர் கன்ல மட்டும் இதைச் செய்யாதே, பிஸ்டன் மோதிக் கெட்டுப்போகும்.

அடுத்த தடவை கிளப்புக்குப் போறப்போ கோச்சை உன் முகத்தைப் பார்க்கச் சொல்லாதே. விரலையும் பாதத்தையும் பார்க்கச் சொல்லு.