தையல்காரம்மா பதில்கள்

(மன்னார்குடியில் தையல் கடை நடத்துகிறார். மெஷினுக்கு எதிரே ஒரு டிவி. பார்த்த படத்தையும் நாடகத்தையும் பற்றி வாசகர்கள் கேட்டதற்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

வாசகி, திண்டுக்கல்: சீரியலில் தூங்கும்போதுகூடப் பட்டுப்புடவை கட்டியிருக்கிறார்களே, உங்களுக்கு எரிச்சல் வராதா?

எரிச்சலா? என் கடை வாடகையே அவர்கள் புண்ணியத்தில்தான் போகிறது! காலையில் ஷட்டரைத் தூக்கியதும் போனை நீட்டுகிறார்கள். "அக்கா, நேத்து கோயில் சீன்ல போட்டிருந்தாளே, அந்தக் கழுத்து வேணும்." நானும் அளவு எடுத்துவிடுகிறேன்.

ஆனால் தொழில் தெரிந்தவளாக ஒன்று சொல்லவேண்டும். முதுகில் கயிறு, கயிற்று நுனியில் குஞ்சம், கை முழுக்க ஆரி வேலை. இதைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தால் ஐந்து நிமிஷம் தாங்காது. குஞ்சத்தில் கோத்த மணி முதுகெலும்பில் குத்தும். மாமியார் கொடுமை என்று வருஷக்கணக்கில் அழுகிற பெண்கள், இந்தக் கொடுமையைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

உண்மையில் எனக்கு உறுத்துவது வேறு. "அரிசி வாங்கக் காசில்லை" என்று அழுகிற பெண்ணின் ஜாக்கெட்டைப் பாருங்கள், தைத்து இறக்கிய அன்றே போட்டது போல இருக்கும். கஷ்டப்படுகிற வீட்டு ஜாக்கெட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உடம்பு போட்டபோது பக்கத் தையலைப் பிரித்து விட்டிருப்பார்கள். வெளுத்த துணிக்கு நடுவில் அந்த ஒரு கோடு மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். அக்குளில் வேறு துணியில் ஒட்டு இருக்கும். ஊக்கு போன இடத்தில் சேஃப்டி பின். இதை ஒரு தடவை காட்டினால் போதும், அரிசி வசனமே தேவையில்லை.

கல்லூரி மாணவர், சேலம்: பழைய படங்களில் ஒன்றே ஒன்று பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

'வீடு'. 1988இல் வந்தது. பாலுமகேந்திரா திரைக்கதை எழுதி, இயக்கி, கேமராவும் பிடித்து, எடிட்டிங்கும் அவரே செய்தார். பாட்டு கிடையாது. இளையராஜா முன்பே போட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தின் இசையைப் பின்னணிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கதை இவ்வளவுதான்: வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், வேலைக்குப் போகிற சுதா சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கடன், லஞ்சம், காண்டிராக்டர், சிமென்ட். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வந்தது. சரி, கொடுக்கவேண்டியதுதான். ஆனால் எனக்குப் படம் என்றால் அந்தத் தாத்தாதான். சொக்கலிங்க பாகவதர், நாடக மேடையிலிருந்து வந்த மனிதர். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிறார். பூசாத செங்கல் சுவர்களுக்கு நடுவே நடக்கிறார். அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்துக்கு யாரும் வயலின் வைத்து "இப்போது கண்கலங்குங்கள்" என்று சொல்லித்தரவில்லை. நமக்கே தெரிகிறது. அதற்குப் பிறகு அந்தக் கிழவர் இல்லை.

முடிவை நான் சொல்லமாட்டேன். மனை வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் மட்டும் பத்திரத்தை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுப் படத்துக்கு உட்காருங்கள்.

வாசகர், மதுரை: ஓடிடியில் எல்லாவற்றையும் ஒன்றரை வேகத்தில் பார்க்கிறேன். நேரம் மிச்சமாகிறது. தப்பா?

தப்பில்லை. அழுகையும் ஒன்றரை வேகத்தில் வருகிறதா என்று மட்டும் எழுதுங்கள்.

வாசகர், திருவாரூர்: 'மெய்யழகன்' படத்தை ரிலீஸ் ஆன பிறகு வெட்டினார்களே, அது சரியா?

2024 செப்டம்பரில் வந்த படம். நீளம் என்று பேச்சு கிளம்பியதும், சில நாளிலேயே சுமார் 18 நிமிஷத்தை எடுத்துவிட்டார்கள். கதை நடக்கிற நீடாமங்கலம், எங்கள் ஊரில் பஸ் ஏறினால் வந்துவிடும். அதனால் என்னை நடுநிலை என்று நினைக்காதீர்கள்.

அரவிந்த்சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேசுகிற பேச்சு சில இடங்களில் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் அப்படித்தான் இருக்கும். கடைசி பஸ் போய்விடும், அவர் பேச்சு முடியாது. படத்தில் அரவிந்த்சாமிக்கோ தன்னை இவ்வளவு பாசமாகக் கவனிக்கிற ஆள் யார், பேர் என்ன என்றே தெரியாது. கேட்கவும் கூச்சம். படமே அந்தக் கூச்சம்தான். அது நீளநீளத்தான் உறுத்தும்.

எனக்குப் பிடித்த இடம் கல்யாண மேடை. சொத்துத் தகராறில் ஊரைவிட்டுப் போன அண்ணன், தங்கை முறைப் பெண்ணுக்குக் கொண்டுவந்த நகையை மேடையிலேயே பூட்டிவிடுகிறான். பழைய கதை எதையும் இரண்டு பேரும் பேசவில்லை. அவர்கள் முகத்திலேயே எல்லாம் இருக்கிறது.

வெட்டியது சரியா என்றால், துணியில் பெரிதாக வெட்டிவிட்டால் சுருக்கித் தைக்கலாம். குறைத்து வெட்டிவிட்டால் ஆண்டவனாலும் முடியாது. அதனால் வெட்டும் முன்பு யோசிக்கவேண்டும், தியேட்டரில் நாலு பேர் எழுந்து போன பிறகு அல்ல.

வாசகர், ஈரோடு: எப்போதும் மெதுவாகப் போகிற படத்தையே புகழ்கிறீர்கள். விசில் அடிக்கிற படம் பிடிக்காதா?

யார் சொன்னது? 'தில்லானா மோகனாம்பாள்', 1968. நாட்டியத்துக்கும் நாயனத்துக்கும் போட்டி. இதைவிட மாஸ் என்ன வேண்டும்? ராஜகோபாலசாமி கோயிலில் நாயனம் கேட்டு வளர்ந்த எங்களுக்கே, சிவாஜி வாசிக்கவில்லை என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கூடவே தவிலோடு பாலையா, ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. மனோரமா வருகிற இடத்தில் மெஷினை நிறுத்திவிடுவேன். ஊசி விரலில் ஏறிவிடும்.

அதிலும் 'நலந்தானா' பாட்டு. கத்திக் காயத்தோடு வந்து வாசிக்கிறவனை, சபை நிறைய ஆட்கள் பார்த்திருக்க, ஆடிக்கொண்டே மோகனா நலம் விசாரிக்கிறாள். கூட்டத்துக்கு அது நாட்டியம். விசில் அடிக்கிற படத்திலும் இப்படி ஒரு இடம் வைக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

வாசகி, தஞ்சாவூர்: இன்றுவரை மறக்காத டிவி தொடர்?

'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் தொண்ணூறுகளில் வந்தது. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் தெருவே அடங்கிவிடும். பயமுறுத்த ரத்தம் வேண்டாம், சத்தம் போதும் என்று தெரிந்தவர்கள் எடுத்தது. இப்போது ஒரு மருமகள் கதவைத் திறந்தாலே மூன்று தடவை இடி இடிக்கிறது. பயமும் இல்லை, மழையும் இல்லை.

வாசகி, கோவை: பாட்டுப் போட்டிகளில் குழந்தைகள் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உங்களுக்கு?

அழுகிற பிள்ளையை விடுங்கள், எந்தப் பிள்ளையும் தோற்றால் அழும். அதை ஸ்லோமோஷனில் போட்டு, அம்மா முகம், நடுவர் முகம், மறுபடி அம்மா முகம் என்று சுற்றுகிறார்களே, அங்கே சேனலை மாற்றிவிடுவேன்.

வாசகர், சென்னை: ரஜினி படங்களில் உங்கள் தேர்வு?

'முள்ளும் மலரும்'. ஒரு கை போன பிறகும் அந்தக் காளி திமிரை விடுவதில்லை பாருங்கள்.

வாசகி, நாகப்பட்டினம்: உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில்?

சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் கடைக்கு வந்து நியூஸ் போடுவார். நான் ஒன்றும் சொல்வதில்லை. தடித்த ஜீன்ஸ் துணியாக எடுத்து மெஷினை மிதிக்க ஆரம்பிப்பேன். கொஞ்ச நேரத்தில் ரிமோட் தானாக என் மேஜைக்கு வந்துவிடும்.