ஆட்டிசம்: பெற்றோர் கேள்விகளும் என் பதில்களும்

சிறப்பாசிரியராக ஆட்டிசம் (பேசுவதும் மற்றவர்களோடு பழகுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) உள்ள குழந்தைகளோடு வேலை செய்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகனுக்கு ஒன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "ஆண் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். அது சரியாக இருந்தால், குழந்தை வளர்ச்சியில் அனுபவமுள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சை மட்டும் கவனித்தால் போதாது. விமானம் போனால் விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? இந்த வயதில் நான் முதலில் கேட்பது அதைத்தான். ஆட்டிசம்தான் என்று உறுதியாகும்வரை ஸ்பீச் தெரபியை (பேச்சுப் பயிற்சியை) தள்ளிப்போட வேண்டியதில்லை.

நான் வேலைக்குப் போனதால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தது என்கிறார்கள். தடுப்பூசி என்றும் சொல்கிறார்கள்.

இரண்டும் இல்லை அம்மா. 1943-ல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகு, தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று மருத்துவ உலகமே பல வருடம் பழிபோட்டது. எத்தனை தாய்மார்கள் அதைச் சுமந்திருப்பார்கள்! அது தவறு என்பது எப்போதோ தெளிவாகிவிட்டது. இது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தடுப்பூசியைக் காரணம் காட்டிய 1998-ஆம் வருடக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றது.

நான்கு வயது மகள் நாங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறாள். எப்படி நிறுத்துவது?

நிறுத்த வேண்டாம், அதுதான் அவளுடைய பேச்சு. என்னிடம் வந்த ஒரு பையன் "தண்ணி வேணுமா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பான். "எனக்கு வேண்டாம் கண்ணா" என்பேன். ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர் பாட்டில் மேல் வைத்தான். அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் வரும்போதெல்லாம் அவன் காதில் விழுந்த வாக்கியம் அது. தண்ணீர் கேட்க அதையே சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் அவன் கேட்கும்போதெல்லாம் "தண்ணி வேணும்" என்று அவன் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டுக் கொடுப்பேன். சில மாதங்களில் அவனே அப்படிக் கேட்டான்.

வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கக் குழந்தையைப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடுமா?

போகாது. தாராளமாகப் பழக்குங்கள்.

கடையில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அழுகிறான். இரண்டு அடி கொடுத்தால் சரியாகும் என்கிறார் அவன் அப்பா.

தயவுசெய்து அடிக்காதீர்கள். அடம்பிடிக்கும் குழந்தை நீங்கள் கவனிக்கிறீர்களா என்று பார்த்துப் பார்த்து அழும். கேட்டது கிடைத்தால் அடங்கிவிடும். இவன் சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் அழுகிறான். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அடங்காது, புத்திமதியும் ஏறாது. பேசாமல் அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அடுத்த முறை கிளம்பும் முன் மூன்று படம் வரைந்து காட்டுங்கள்: கார், கடை, மறுபடியும் வீடு. கையை உதறினால் உதறட்டும், பலருக்கு அது மனதை அடக்கிக்கொள்ளும் வழி.

முழுதாகக் குணமாக்குவதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா?

போகாதீர்கள். ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து கிடையாது. உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன் சிகிச்சையில் குழந்தை இறந்ததும் உண்டு. நல்ல தெரபிஸ்ட் உங்களையும் உள்ளே உட்காரவைத்துச் சொல்லித்தருவார். வாரத்தில் ஓரிரு மணிநேரம்தான் அவர் கையில், மிச்ச நேரமெல்லாம் குழந்தை உங்களோடுதானே இருக்கப்போகிறது?