போக 40, வர 60

அன்புள்ள ஐயாவுக்கு,

மகள் தரம் 10 படிக்கிறாள். அட்சரகணிதம், கேத்திரகணிதம் எல்லாம் ஒருமாதிரிச் சமாளித்துவிடுவாள். தூரம், கதி, நேரம் என்று கணக்கு வந்தால் மட்டும் பேனையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். டியூசன் சேர் ஒரு முக்கோணம் கீறிக் கொடுத்திருக்கிறார். மேலே தூரம், கீழே கதியும் நேரமும். வேண்டியதை விரலால் மறைத்தால் சூத்திரம் வரும். அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் போன கிழமை ஒரு கணக்கு வந்தது. ஒருவர் போகும்போது மணிக்கு 40 கிலோமீற்றர், அதே வழியால் திரும்பும்போது 60. முழுப் பயணத்தின் சராசரிக் கதி என்ன? 50 என்று எழுதினாள், பிழை போட்டுவிட்டார்கள். எனக்கும் 50 என்றுதான் படுகிறது. நான் ஓ.எல். படித்த காலம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். இவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஒரு வாசகி, வட்டக்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

பிழை போட்டது சரிதான். விடை 48.

முக்கோணத்தில் குற்றமில்லை. ஒரு ஆள், ஒரு பயணம் என்றால் அது போதும். பிள்ளைகள் பேனையை வைக்கிற கணக்குகளில் அநேகமாக இரண்டு பயணம் இருக்கும். போக்கும் வரத்தும், முன்னால் போனவரும் பின்னால் துரத்துகிறவரும், எதிரெதிரே வருகிற இரண்டு வாகனம். அங்கே எதை விரலால் மறைப்பது? அதனால் சூத்திரத்தைத் தொடுவதற்கு முதல், இந்த இரண்டு பயணத்துக்கும் எது சமம், தூரமா நேரமா என்று அவளிடம் கேளுங்கள். அது பிடிபட்டால் மிச்சம் கூட்டல் கழித்தல்தான்.

உங்கள் கணக்கில் சமமாக இருப்பது தூரம். நேரம் சமமில்லை. தூரம் தரவில்லையே என்று திகைக்க வேண்டாம், வசதியான ஒன்றை நாமே வைத்துக்கொள்ளலாம். 40ஆலும் 60ஆலும் மிச்சமின்றிப் பிரிபடுவது 120. போக 3 மணித்தியாலம், வர 2 மணித்தியாலம். மொத்தம் 240 கிலோமீற்றர், 5 மணித்தியாலம், ஆகவே 48. மெதுவாகப் போன கதியில் கூடுதலான நேரம் இருந்துவிட்டார், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. 120க்குப் பதிலாக 60 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அப்போதும் 48தான் வரும். அவள் எழுதிய 50 வேறொரு கணக்குக்குச் சரியான விடை. ஒரு மணித்தியாலம் 40இலும், அடுத்த ஒரு மணித்தியாலம் 60இலும் ஓடினால் 50. அங்கே நேரம் சமம்.

சராசரிக் கதி என்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது. வழியில் நின்ற நேரமும் அதற்குள் அடக்கம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ்சை நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிறோமே, அந்தப் பத்து நிமிடத்தைப் பிள்ளையார் கணக்கில் எழுத முடியாது.

எதிரெதிரே வருகிற கணக்குக்கு ஏ9 வீதியையே கீறச் சொல்லுங்கள். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து ஒரு பஸ் மணிக்கு 60இல் வருகிறது. அதே நேரம் கிளிநொச்சியிலிருந்து ஒரு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) மணிக்கு 20இல் வெளிக்கிடுகிறது. சந்திக்கும்வரை இருவரும் ஓடிய நேரம் சமம். இடைவெளி மணிக்கு 80 குறைகிறது, ஒரு மணித்தியாலத்தில் சந்திப்பார்கள். எங்கே? கிளிநொச்சியிலிருந்து 20ஆவது கிலோமீற்றரில், முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில். விடை ஓமந்தைப் பக்கம் வந்தால், எங்கேயோ பிழை என்று அவளுக்கே தெரிந்துவிடும். ஊர்ப் பெயர் போட்டுச் செய்வதில் இந்த வசதி இருக்கிறது.

துரத்துகிற கணக்கில் பிடிக்கிற இடம் வரை இருவருக்கும் தூரம் சமம். 40இல் போகிற பஸ்சை அரை மணித்தியாலம் பிந்தி 60இல் மோட்டார் சைக்கிள் துரத்தினால், முதல் இடைவெளி 20, மணிக்குக் குறைவதும் 20. ஒரு மணித்தியாலத்தில் பிடித்துவிடும்.

அலகில் ஒரு கவனம் வேண்டும். 1 மணி 15 நிமிடத்தை 1.15 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. அது 1.25. மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர், இதை மட்டும் பாடமாக்கினால் 72க்கு 20, 18க்கு 5 என்று தானாக வரும்.

வயல் கரையில் நின்று செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மின்னல் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை செக்கன்களை எண்ணி மூன்றால் வகுத்தால், எத்தனை கிலோமீற்றருக்கு அப்பால் என்று தெரியும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகிறது. (நீங்களும் நானும் எதைக் கேட்டு எண்ணப் பழகினோம் என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டாம். இடி போதும்.)

மகளுக்கு ஒரு கணக்கு அனுப்புகிறேன். போகும்போது மணிக்கு 30. முழுப் பயணத்தின் சராசரி 60 ஆக வேண்டும். அதே வழியால் எந்தக் கதியில் திரும்ப வேண்டும்? 90 என்று சொல்லிக்கொண்டு ஓடி வருவாள். தூரத்தை 60 என்று வைத்து, போய்ச் சேர்வதற்கே எத்தனை மணித்தியாலம் செலவாகிவிட்டது என்று முதலில் எழுதச் சொல்லுங்கள்.