கோவையிலிருந்து மே மாதம், சிக்கிமில் சீன எல்லையில் இருக்கும் நாதுலா கணவாய்க்குப் போக வேண்டும். அப்பாவுக்கு 67 வயது, ரத்த அழுத்தம் உண்டு. பையனுக்கு 8. எப்படிப் போவது, பெர்மிட்டை யார் வாங்கித் தருவார்கள், உடம்பு தாங்குமா, எத்தனை நாள் ஒதுக்குவது?

உங்கள் கேள்வியில் நான்கு விஷயம் இருக்கிறது: எப்படிப் போவது, பெர்மிட்டை யார் வாங்கித் தருவார்கள், அப்பாவின் ரத்த அழுத்தத்துக்கு இந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா, எத்தனை நாள் ஒதுக்குவது. கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது சரியாக அமைந்தால் மற்றதில் பாதி தானாகச் சரியாகிவிடும்.

நாதுலாவுக்கு ஆகும் நேரம் ஒரு பகல்தான். சிக்கிம் தலைநகர் கேங்டாக்கிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். ஆனால் அந்த ஒரு பகல் எந்தக் கிழமையில் வாய்க்கும் என்பது உங்கள் கையில் இல்லை. திங்கள், செவ்வாய் சுற்றுலாப் பயணிகளுக்குக் கணவாய் மூடியிருக்கும். பெர்மிட்டுக்கு முந்தின நாளே காகிதங்களைக் கொடுத்தாக வேண்டும். மேலே பனி கொட்டினாலோ, சாலையில் மண் சரிந்தாலோ, ராணுவம் வேண்டாம் என்று சொன்னாலோ, பெர்மிட் கையில் இருந்தும் பாதி வழியில் திரும்பத்தான் வேண்டும். அதனால் விமான டிக்கெட் போடும்போதே காலண்டரை எடுத்துக் கிழமையைப் பாருங்கள்.

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன். ஞாயிறு இரவு மலையடிவாரத்து சிலிகுரி, திங்கள் மாலைக்குள் கேங்டாக். செவ்வாய் ஊருக்குள்ளேயே சுற்றல். அன்றைக்கே டிராவல்ஸ்காரரிடம் அடையாள அட்டை நகலும் போட்டோவும் கொடுத்தாகிவிடும். புதன் நாதுலா. வானிலை கெடுத்தால் வியாழன், அதுவும் போனால் வெள்ளி. சனிக்கிழமை மலையிறங்கி சிலிகுரியில் தங்கல், ஞாயிறு விமானம். புதனே வேலை முடிந்துவிட்டால் மிச்ச நாட்களில் ரும்டெக் மடாலயம், பக்கத்து ஊர்கள் என்று நிதானமாகப் பார்க்கலாம். பலர் வெள்ளி இரவு வந்து ஞாயிறு நாதுலா, திங்கள் விமானம் என்று திட்டம் போடுகிறார்கள். ஞாயிறு மழை வந்தால் அடுத்த வாய்ப்பு புதன்தான். கதை முடிந்தது.

சிலிகுரியில் ஏன் கடைசி இரவு என்று கேட்பீர்கள். அங்கிருந்து கேங்டாக் சுமார் 115 கிலோமீட்டர், டீஸ்தா ஆற்றை ஒட்டியே போகும் தேசிய நெடுஞ்சாலை 10. நல்ல நாளில் நாலு மணி நேரம். ஆனால் மழை பெய்தால் மண்சரிவு அங்கே வாடிக்கை. 2023 அக்டோபர் 4 அன்று வடக்கு சிக்கிமில் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் இந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. சாலை அடைத்தால் லாவா என்ற ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு இறக்குவார்கள், நேரம் எக்கச்சக்கமாக இழுக்கும். காலையில் கேங்டாக்கில் கிளம்பி மதியம் சிலிகுரிக்குப் பக்கத்து பாக்டோக்ராவில் விமானம் ஏறுவது என்ற கணக்கை மட்டும் போடாதீர்கள்.

ரயிலில்தான் போக வேண்டும் என்றால், கன்னியாகுமரி - திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, சேலம் வழியாக வந்து சிலிகுரியை ஒட்டிய நியூ ஜல்பைகுரியிலும் நிற்கிறது. இரண்டு நாளுக்கு மேல் ஆகும். உங்களோடு பெரியவர் இருப்பதால் பாக்டோக்ரா வரை விமானமே மேல். முதுகு வலியோடு மலையேறினால் அதற்கும் உயரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் குழம்புவீர்கள்.

பெர்மிட்டை நீங்களாக வாங்க அலைய வேண்டாம். சிக்கிம் அரசிடம் பதிவு செய்த டிராவல்ஸ் மூலமாகத்தான் அது நடக்கிறது. வண்டியும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். சிக்கிம் பதிவு எண் உள்ள டாக்சியில்தான் போக முடியும், சிலிகுரியில் எடுத்த வண்டி கேங்டாக்கோடு சரி. தினமும் இத்தனை வண்டிதான் என்ற வரம்பு இருப்பதால் மே மாதக் கூட்டத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அது வங்காளத்துப் பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை. கொல்கத்தாவே கிளம்பி வந்துவிட்டதோ என்று தோன்றும். பெரியவர்கள் எல்லோரும் வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ கொண்டு வாருங்கள், ஆதாரை மட்டும் நம்பி வர வேண்டாம். பையனுக்குப் பிறப்புச் சான்றிதழ். எல்லாவற்றிலும் நாலைந்து நகல், ஆளுக்கு நான்கு பாஸ்போர்ட் அளவு போட்டோ. கேங்டாக்கில் ஜெராக்ஸ் கடை தேடி மேட்டில் ஏறி இறங்குவதைவிட ஊரிலேயே எடுத்து வருவது சுலபம். இன்னொன்று: வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள சொந்தக்காரர் யாராவது சேர்ந்துகொண்டால் அவருக்கு நாதுலா கிடையாது. வழியில் உள்ள சோம்கோ ஏரி வரைதான் அவர்களை விடுவார்கள்.

ஷேர் வண்டி மலிவு, எட்டுப் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகும். உங்கள் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வழியில் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது, திரும்பலாம் என்றால் கூட வந்த மற்றவர்கள் சம்மதிக்க வேண்டுமே! காசு கொடுத்து வந்தவர்கள் எல்லையைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தனி வண்டிக்குக் கொடுக்கும் அதிகப் பணம் சொகுசுக்காக அல்ல. நினைத்த இடத்தில் திரும்பும் உரிமைக்காக.

சரி, உடம்பு விஷயத்துக்கு வருவோம்.

கேங்டாக் சுமார் 1,650 மீட்டர். நாதுலா 4,310 மீட்டர், அதாவது 14,140 அடி. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மூன்று நாலு மணி நேரத்தில் வண்டியில் உட்கார்ந்தபடியே 2,600 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம், உடம்புக்குப் பழக அவகாசமே கிடையாது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைந்துவிடுகிறது. கேங்டாக்கில் இரண்டு நாள் தங்கினால் உடம்பு பழகிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். அந்த ஓய்வு பயணக் களைப்பைத் தீர்க்கும், 4,300 மீட்டருக்கு உடம்பைத் தயார் செய்யாது.

நம்மைக் காப்பாற்றுவது வேறொன்று. மேலே நாம் நிற்பது ஒரு மணி நேரம் போல. மலை நோய் என்று சொல்லும் தலைவலி, குமட்டல், அசதி எல்லாம் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் நாம் கீழே வந்துவிடுகிறோம். அதனால் சாதாரண ஆரோக்கியம் உள்ளவர்களுக்கு மூச்சு வாங்குவதும் லேசான தலைபாரமுமே மிஞ்சும். மேலே நேரத்தை இழுக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, ரத்த அழுத்தம் மருந்தில் கட்டுக்குள் இருக்கிறது, மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலி, மூச்சிரைப்பு எதுவும் இல்லை என்றால், அவரைப் பார்க்கும் டாக்டரிடம் 'இவ்வளவு மீட்டர், ஒரே நாளில் ஏறி இறங்கல்' என்று எண்ணோடு சொல்லிக் கேளுங்கள். 'மலைக்குப் போகிறோம்' என்று மட்டும் சொன்னால் அவர் ஊட்டியை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார். இதய அடைப்பு, ஸ்டென்ட், நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் சோம்கோ ஏரியோடு நிறுத்துவது நல்லது, அதற்கும் டாக்டர் சரி சொல்ல வேண்டும். மலை நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெடசோலமைடு, அதாவது டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். அது முந்தின நாளே தொடங்க வேண்டியது. சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி உள்ளவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை போட்டால் சிறுநீர் அடிக்கடி வரும். அந்தச் சாலையில் கழிப்பறைகள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி விஷயத்தின் கனம் புரியும்.

வழியில் டிரைவர் ஒரு கடையில் நிறுத்தி பாப்கார்னும் கற்பூரமும் வாங்கிக்கொள்ளச் சொல்வார். சிக்கிமில் இது ஒரு சடங்கு மாதிரி. பாப்கார்ன் கொறிப்பதால் கெடுதல் இல்லை, பையனுக்குப் பொழுது போகும். கைக்குட்டையில் கற்பூரத்தை முடிந்து முகர்ந்தால் மூக்கில் ஜில்லென்று இருக்கும், மூச்சு திறந்தது போலத் தோன்றும். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளியும் அதிகமாகாது. பையன் கையில் மட்டும் கற்பூரத்தைக் கொடுக்காதீர்கள். வாயில் போட்டுவிட்டால் சின்னக் கட்டியே குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கும். சின்ன டப்பாவில் விற்கும் ஆக்சிஜன் சில நிமிஷத்துக்குத்தான் வரும். தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டல், விடாத இருமல், இதில் எது வந்தாலும் வைத்தியம் ஒன்றே: வண்டியைத் திருப்பு, கீழே இறங்கு. டப்பாவை அடித்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம் என்று நிற்கக் கூடாது.

பையன் விஷயத்தில், குழந்தைகள் பல சமயம் தலை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சிணுங்குவார்கள், சாப்பிட மாட்டேன் என்பார்கள், திடீரென்று அமைதியாகிவிடுவார்கள். எட்டு வயதுப் பையனிடம் உங்களுக்கு இருக்கும் பெரிய வேலை, பனியைக் கண்டதும் அவன் ஓடாமல் பிடித்து வைப்பதுதான்.

அந்த நாள் எப்படிப் போகும் என்றால், காலை ஏழு, ஏழரைக்குக் கிளம்பல். சோதனைச் சாவடியில் டிரைவர் ஒரு கத்தைக் காகிதத்தோடு இறங்கி வரிசையில் நிற்பார், நாம் வண்டியில் காத்திருப்போம். அப்புறம் வளைவு மேல் வளைவு. வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். சோம்கோ ஏரி 3,753 மீட்டரில், சாலையை ஒட்டியே இருக்கிறது. டிரைவர்கள் வாயில் அது சாங்கு ஏரி. கரையில் கலர் துணி போர்த்திய யாக் எருமைகள் சவாரிக்கு நிற்கும், பூட்ஸும் கோட்டும் வாடகைக்குக் கிடைக்கும், மேகியும் மோமோவும் கிடைக்கும். போகும்போது இங்கே நேரத்தைக் கரைக்காமல், நேராக மேலே போய்விட்டு இறங்கும்போது நிறுத்துங்கள். மதியத்துக்கு மேல் மூட்டம் கவிந்தால் நாதுலாவில் எதுவும் தெரியாது.

நாதுலாவில் வண்டியை விட்டு இறங்கிப் படியேற வேண்டும். மொத்தப் பயணத்திலும் உடம்பைச் சோதிப்பது இந்தப் படிகள்தான். பத்துப் படி, நிற்பது, இன்னும் பத்து. அப்பாவுக்கு முடியவில்லை என்றால் கீழேயே டீயோடு உட்காரட்டும். அங்கே தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் டீயை ஆற்ற நம் ஊர் அளவு நேரம் ஆகாது. மேலே எல்லைப் பகுதியில் படமெடுக்கத் தடை, போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். முள்வேலிக்கு அந்தப் பக்கம் சீனக் கட்டடம், அதற்குப் பின்னால் திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் சாலை. படியில் யாராவது வேகமாக ஏறினால் காவலுக்கு நிற்கும் ஜவான்கள் 'தீரே, தீரே' (மெதுவாக, மெதுவாக) என்று இந்தியில் அதட்டுவார்கள். நாம் பேசும் தமிழைக் கேட்டுவிட்டு 'எந்த ஊர்ங்க?' என்று ஒரு குரல் வந்தாலும் ஆச்சரியமில்லை.

பையனுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்லிக் கூட்டிப் போங்கள், வெறும் பனியாகப் பார்த்துவிட்டு வராமல் இருப்பான். திபெத்துக்கும் சிக்கிமுக்கும் கம்பளி வியாபாரம் நடந்த பாதை இது. 1962 போருக்குப் பிறகு அடைபட்டு, 2006 ஜூலை 6 அன்று வியாபாரத்துக்காக மறுபடி திறந்தார்கள்; வழியில் ஷெரதாங்கில் அந்தச் சந்தைக் கட்டடங்களைப் பார்க்கலாம். 1967 செப்டம்பரில் நம் ராணுவம் வேலி போடப் போய், இதே இடத்தில் சீன ராணுவத்தோடு நாலு நாள் சண்டை நடந்தது. அப்போது சிக்கிம் தனி அரசு, இந்தியாவின் மாநிலமானது 1975இல்தான்.

திரும்பும் வழியில் பாபா மந்திர். 1968இல் இந்தப் பகுதியில் இறந்துபோன ஹர்பஜன் சிங் என்ற பஞ்சாப் ரெஜிமென்ட் வீரரின் நினைவிடம். அவர் இன்னும் எல்லையைக் காவல் காக்கிறார் என்பது அங்குள்ள படைவீரர்களின் நம்பிக்கை. பல வருஷம் அவர் பெயரில் லீவு கொடுத்து, ரயிலில் அவருக்குச் சீட்டு போட்டு, பெட்டியை அவர் ஊருக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் அந்தக் குளிரில் மாதக்கணக்கில் நிற்பவர்களுக்கு இப்படி ஒருவர் தேவைப்பட்டார் என்பது எனக்குப் புரிகிறது. அப்பா களைத்திருந்தால் இதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

மே மாதமென்றாலும் மேலே கடுங்குளிர்தான், ஓரங்களில் பனி கிடக்கலாம். ஒரே ஒரு தடிமனான ஸ்வெட்டரைவிட, உள்ளே தெர்மல், நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுங்கள். காதை மூடும் குல்லா, கையுறை, கூலிங் கிளாஸ் எல்லோருக்கும். பிளாஸ்டிக் பாட்டில் குடிநீரை சிக்கிம் 2022 ஜனவரியிலிருந்து தடை செய்திருக்கிறது, அதனால் நல்ல பெரிய பிளாஸ்க் ஒன்று. காலையில் வயிறு முட்டச் சாப்பிடாமல், காலியாகவும் விடாமல், இட்லி அளவுக்கு லேசாக ஏதாவது. முந்தின இரவு மதுவைத் தொட வேண்டாம் என்று கூட வரும் மாமாக்களிடம் சொல்லிவிடுங்கள்.

'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அப்படியே வடக்கு சிக்கிமில் குருதோங்மார் ஏரியும்' என்று டிராவல்ஸ்காரர் பேக்கேஜ் நீட்டுவார். அது 17,000 அடிக்கு மேல். அப்பாவையும் பையனையும் வைத்துக்கொண்டு வேண்டாம். நாட்கள் மிச்சமிருந்தால் பெல்லிங் போங்கள். உயரம் ஊட்டி அளவுதான், வானம் திறந்தால் ஹோட்டல் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே அப்பா கஞ்சன்ஜங்காவைப் பார்க்கலாம்.