வாசகர் கேள்வி பதில்: முதலில் ஆறு, அப்புறம் சாப்பாடு, கடைசியில் வைன்

கேள்வி: ஆடி மாதம் சுவிஸில் இருக்கும் மகனிடம் போகிறேன். பேர்ண் நகரில் எல்லோரும் ஆற்றில் குதித்து மிதந்து வருவார்கள், நீங்களும் வாங்கோ என்கிறான். சின்ன வயதிலிருந்து எங்கள் ஊர்க் கடலில் நீந்தியவன் நான். இறங்கலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கட்டாயம் இறங்குங்கள் ஐயா, ஆனால் போன முதல் நாளே வேண்டாம். நம் கடல் 27, 28 பாகையில் இருக்கும். பேர்ண் நகரைச் சுற்றி ஓடும் ஆரே ஆறு அல்ப்ஸ் மலைப் பனியிலிருந்து வருவது. நல்ல வெயில் காலத்திலேயே 20 பாகையைச் சுற்றித்தான் இருக்கும், மழை பெய்தால் அதற்கும் கீழே போய்விடும். திடீரென்று குதித்தால் மூச்சு தானாகவே இழுத்துக்கொள்ளும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் பெரிய நீச்சல்காரருக்கும் ஆபத்துத்தான். காலை நனைத்து, நெஞ்சை நனைத்து, மூச்சு சீரானதும் மெதுவாக இறங்குங்கள். இதய வருத்தமோ பிரஷரோ இருந்தால் இங்கேயே வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இன்னொன்று, உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு தூக்காது, அதனால் கடலில் நீந்திப் பழகியவருக்குக் கை கால் சீக்கிரம் களைத்துவிடும். ஆரேயில் நீரோட்டமும் பலமானது. மக்கள் நீச்சல் உடுப்போடு கரையோரமாக மேலே நடந்து போய், அங்கே இறங்கி, ஓட்டத்தோடு மார்சிலி என்ற குளிக்கும் இடம் வரை மிதந்து வருவார்கள். மார்சிலியில் நுழைவுக் கட்டணம் கிடையாது, புல்வெளியும் உடுப்பு மாற்றும் இடமும் இருக்கின்றன. கரையில் ஏறுவதற்குச் சிவப்பு நிறக் கம்பிப் பிடிகள் பூட்டியிருக்கிறார்கள். கடைசிப் பிடி வரட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு மூன்று பிடிகளுக்கு முன்னமே கரைப்பக்கம் ஒதுங்கத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதற்குக் கீழே தண்ணீர் விழும் ஒரு தடுப்பணை இருக்கிறது. முதல் தடவை மகனோடுதான் இறங்குங்கள், தனியாக வேண்டாம்.

பாசல் நகருக்குப் போனால் ரைன் ஆற்றிலும் இப்படித்தான். அங்கே உடுப்பையும் செருப்பையும் மீன் உருவத்தில் இருக்கும் தண்ணீர் புகாத பையில் மடித்து வைத்துக்கொண்டு வேலை முடிந்து மிதந்தே வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கவே மனம் நிறையும். அந்தப் பை மிதக்கும் என்பதற்காக அதை நம்பி நீச்சல் தெரியாதவர் இறங்கக் கூடாது, அது உயிர்காப்பு மிதவை அல்ல. கப்பல் போகும் ஆறு என்பதால் சின்ன பாசல் எனும் வலது கரைப் பக்கமாகவே மிதக்க வேண்டும்.

கேள்வி: எனக்கும் நீந்த ஆசை. ஆனால் அரைகுறை உடுப்போடு இறங்க மனம் வராது. சுடிதாரோடு இறங்கினால் என்ன சொல்வார்கள்?
– வாசகி, கல்முனை

பதில்: யார் என்ன சொல்வார்கள் என்பதை விடுங்கள் தங்கச்சி, உங்கள் உயிர்தான் முக்கியம். பருத்திச் சுடிதார் நனைந்தால் பாரமாகிக் காலைச் சுற்றிக்கொள்ளும், ஓடுகிற ஆற்றில் அது பெரிய ஆபத்து. நீச்சல் துணியிலேயே முழுக்கையும் முழுக்காலும் வைத்துத் தைத்த உடுப்பு விற்கிறது, அதை வாங்குங்கள். குளிருக்கும் அது நல்லது. நீச்சல் தடாகங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு, வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள் அல்லது கேளுங்கள். தொடக்கத்துக்கு ஆற்றைவிட ஏரிக்கரை நல்லது, இழுப்பு இல்லை. ஆழம் மட்டும் சடாரென்று கூடும், அதனால் இடுப்பளவுக்கு மேல் தனியாகப் போகாதீர்கள்.

கேள்வி: மருமகன் வைன் தோட்டங்களைப் பார்க்கக் கூட்டிப் போகிறாராம். நான் சாராயம் மட்டும் எப்போதாவது எடுப்பவன். வைன் பற்றி ஒன்றும் தெரியாது.
– வாசகர், அம்பாறை

பதில்: தெரியாமல் போவதுதான் நல்லது, புதிதாக ருசி பார்க்கலாம். லோசான் நகரிலிருந்து ஜெனீவா ஏரிக்கரையோடு ரயிலில் போனால் லாவோ என்ற பகுதி வரும். மலைச்சரிவு முழுக்கக் கல் மதில் கட்டி, படிப்படியாகத் திராட்சை நட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் துறவிகள் தொடங்கிய வேலை இது, 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ளவர்கள் தங்கள் திராட்சைக்கு மூன்று சூரியன்கள் என்பார்கள்: வானத்துச் சூரியன், ஏரியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், பகலில் சூடேறி இரவில் அதை விடும் கல் மதில். சுவிஸ் வைனில் ஏறத்தாழ ஒரு வீதம்தான் வெளிநாட்டுக்குப் போகிறது, மற்றதெல்லாம் அவர்களே குடித்துவிடுகிறார்கள். ஆகவே அங்கே குடித்தால்தான் உண்டு. ஷஸ்லா என்ற வெள்ளைத் திராட்சை வைனைக் கேளுங்கள். பேர்ச் என்ற சின்ன மீனை வெண்ணெயில் பொரித்துத் தருவார்கள், அதோடு நன்றாகப் போகும். ஏரியில் பிடித்த மீனா, வெளியிலிருந்து வந்ததா என்று விசாரியுங்கள், வெளியிலிருந்தும் நிறைய வருகிறது.

சாராயம் போல ஒரே இழுப்பில் இறக்காதீர்கள். கடைகளில் டெசிலீற்றர், அதாவது நூறு மில்லிலீற்றர் கணக்கில் தருவார்கள், ஒரு டெசி எடுத்து அரை மணி நேரம் வைத்திருங்கள். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர் வெறும் வயிற்றில் தொடவே வேண்டாம். அப்புறம் இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: குளிப்பு முதலில், வைன் பிறகு. குடித்தவர் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்பது அங்குள்ள உயிர்காப்புச் சங்கத்தின் விதி. நம்முடைய கடற்கரைகளிலும் குடித்துவிட்டு இறங்கி எத்தனை பேரைப் பறிகொடுத்தோம்.

கேள்வி: அங்கே சீஸை உருக்கிப் பாணில் தோய்த்துச் சாப்பிடுவார்களாமே, மதுவும் பன்றி இறைச்சியும் தொடாத நாங்கள் சாப்பிடலாமா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: ஃபொண்டூ என்ற அந்தச் சாப்பாடு வெள்ளை வைன் ஊற்றித்தான் செய்யப்படுகிறது, கிர்ஷ் என்ற செர்ரி மதுவும் சேர்ப்பார்கள். சூடாக்கினால் மது முழுவதும் போய்விடும் என்று சிலர் சொல்வது சரியல்ல, ஒரு பங்கு நின்றுவிடும். ராக்லெட் கேளுங்கள், அது சீஸை உருக்கி அவித்த உருளைக்கிழங்கில் வழித்துத் தருவது, வைன் ஊற்றுவதில்லை. ஆனால் க்ருயேர் போன்ற பழைய முறைச் சீஸ்களை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதையும் பார்ப்பவரானால், நம் சைவக்காரரும்தான், தாவரப் பொருளால் உறைய வைத்த சீஸா என்று கேட்டு வாங்க வேண்டும். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் ரோஸ்டி அருமையான சாப்பாடு, பன்றி இறைச்சி போடாமல் தரச் சொல்லுங்கள். சுக் நகரத்துச் செர்ரிக் கேக்கில் கிர்ஷ் நன்றாக ஊறியிருக்கும், அதைத் தவிருங்கள்.

கேள்வி: மகளுக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டு போகலாமா?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: முடியாது அம்மா. நம் நாட்டிலிருந்து பால் பொருட்களையும் இறைச்சியையும் சுவிஸுக்குள் விடமாட்டார்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலை, மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் போகாது. வறுத்த அரிசிமா, இடித்த மிளகாய்த்தூள் கொண்டு போங்கள், பொதியில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். தயிரை மகள் ஊருக்கு வரும்போது கொடுக்கலாம்.